லட்சுமியம்மாள் வீட்டு உப்பு

எனக்கு 'விட்ச்' என்று பெயர் வைத்தவள் சங்கவி. ஏதோ வெப் சீரிஸ் பார்த்துவிட்டு வந்து, "ஏய் பிரபா, நீ அதுல வர்ற பொண்ணு மாதிரியே கீறடி" என்றாள். மறுநாளே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரில் கறுப்பு நகப்பூச்சு வாங்கி வந்து, கிளாஸில் உட்கார்ந்து என் பத்து விரலுக்கும் பூசிவிட்டாள். இதையே எங்கள் காலனியில் யாராவது தமிழில் சூனியக்காரி என்று சொல்லியிருந்தால் என் அம்மா அமலா செருப்பைக் கழற்றியிருப்பாள். இங்கிலீஷில் சொன்னால் ஸ்டைல், தமிழில் சொன்னால் செருப்படி. என்ன நியாயமோ.

சங்கவி விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் அது உண்மை.

போன ஐப்பசியில் இருதயமேரி சித்தியின் கைக்குழந்தை விடாமல் அழுதது. எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அம்மாவும் செய்தாள். ஒரு கை கல்லுப்பை எடுத்துக் குழந்தையை மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரில் போட்டாள். உப்பு கரைகிற மாதிரி பிடித்த பீடையும் கரையுமாம். ஒன்றும் கரையவில்லை, குழந்தை வீறிட்டுக்கொண்டே இருந்தது. "அது நம்ம ஊட்டு உப்பும்மா, சித்தி ஊட்டுது எடு" என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பசி எடுப்பது எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரிந்தது. சித்தி வீட்டு ஜாடியிலிருந்து அள்ளி நானே சுற்றினேன். உள்ளங்கை சுட்டது. விரித்தால், உப்பு கரியாகக் கறுத்திருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே வெறித்துப் பார்த்தது.

அந்த உப்பைக் கொண்டுபோய் ஏரியில் கரைத்தேன். மறுநாள் ஏரிக்கரையோரம் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அம்மா என்னை மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட வைத்தாள். "இனிமே இந்தக் கையால எவளுக்காச்சும் உப்பு சுத்துன, கொள்ளிக்கட்டையால சூடு வெப்பேன்" என்றாள். சொன்னால் செய்வாள். சித்தியிடமும் ஜெபமாலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். ஆனால் சித்தி வாய் தகரடப்பா. விஷயம் ஒலக்கூர் வரைக்கும் போய்விட்டது.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும் சங்கவிக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவே இல்லை. விழுப்புரம், புதுச்சேரி என்று அலைந்தார்கள், எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். ஆள் பாதியாக இளைத்து, கண்கள் உள்ளே போய்விட்டன.

சங்கவியும் நானும் திண்டிவனம் பஸ்ஸில் ஒரே சீட். ஊரில் இறங்கியதும் அவள் முன்னால் போவாள், நான் கொஞ்சம் பின்தங்கிப் போவேன். யாரும் சொல்லித் தரவில்லை, அப்படியே பழகிவிட்டது. என் அம்மா அவர்கள் கொல்லை நிலத்தில்தான் வேலை செய்கிறாள். சங்கவியின் அம்மா லட்சுமியம்மாளை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை என்று கூப்பிட முடியாது. ஆன்ட்டி என்றால் முகத்தைச் சுளிப்பாள். அதனால் எதுவும் கூப்பிடாமல் ஒரு 'ங்க' மட்டும் போட்டுப் பேசி ஒப்பேற்றுவேன். ஆனால் இங்கே அவளை அவள் என்றுதான் எழுதப்போகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அந்த லட்சுமியம்மாள் எங்கள் தெரு முனைக்கே வந்துவிட்டாள். தெருவுக்குள் வரவில்லை, புளியமரத்தடியில் நின்றபடி குரல் கொடுத்தாள்.

"அமலா, உம்பொண்ண கொஞ்சம் எங்கூட அனுப்பு."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க."

லட்சுமியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஒரே பொண்ணு அமலா. தவமாத் தவங்கெடந்து பெத்தது. நீயும் பெத்தவதானே?"

அம்மாவுக்கு யாராவது அழுதால் போதும், மனசு கரைந்துவிடும். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "போயிட்டு வா. இத்தினி வருசம் அவங்க ஊட்டு உப்பத்தான் தின்னுகினு கீறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு உங்க புக்குலயே போட்டுகீது இல்ல?"

லட்சுமியம்மாள் என்னைப் பின்வாசல் வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போனாள். சாமி மாடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. சங்கவி கட்டிலில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி விட்ச்" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவர்கள் வீட்டு உப்பு ஜாடியில் கைவிட்டு அள்ளினேன்.

மூன்றாவது சுற்றிலேயே கை பொறுக்க முடியாமல் சுட்டது. உப்பு கறுத்ததோடு நிற்கவில்லை. என் மூடிய கைக்குள் அது அசைந்தது. பால் குடிக்கிற ஆட்டுக்குட்டி மடியை முட்டுமே, அப்படி முட்டியது. அதற்குப் பசி. எனக்குத் தெரிந்துவிட்டது. சங்கவிக்கு நெற்றியெல்லாம் வேர்வை முத்து முத்தாக வந்தது. "எம்மா, பசிக்குது. தோசை ஊத்து" என்றாள்.

லட்சுமியம்மாள் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். நான் உப்பை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே வந்து வழியை மறித்தாள்.

"எங்க எடுத்துக்கினு போற?"

"மரக்காணத்துக்குங்க. காலைல மொத பஸ்ல போய்க் கடல்ல கரைச்சுட்றேன். ஏரி, கெணறெல்லாம் இத தாங்காது."

"வெள்ளிக்கெழமை. வெளக்கு வெச்சாச்சு. இந்த நேரத்துல ஊட்டு உப்பு வாசப்படி தாண்டக் கூடாது. லட்சுமி போயிடுவா."

"இது உப்பு இல்லீங்க. நோயி."

"எதுவோ. எம்பொண்ணு உசுரு அதுல ஒட்டிக்கினு கீது. அத உங்கையில குடுத்துட்டு நான் எப்பிடித் தூங்கறது? நாளைக்கு உனக்கும் எனக்கும் ஒரு பேச்சு வந்துச்சுனா நீ அத வெச்சுக்கினு இன்னா பண்ணுவியோ, யார் கண்டா?"

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இப்போதுதான் இவள் மகளுக்குப் பசிக்கவே வைத்தேன். அந்தச் சூடு கூட ஆறவில்லை, அதற்குள் நான் திருடியாகிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகவே சொன்னேன். "கரைக்காம வெச்சா அது வேற ஒடம்பத் தேடும்ங்க. யாரு நாக்குல மொதல்ல படுதோ அவங்களப் புடிச்சுக்கும். ஊட்ல வெக்காதீங்க, கால்ல வேணா வுழுறேன்."

"காலைல எங்க ஊட்டுக்காரரு பைக்ல எடுத்துக்கினு போய்ப் போட்டுட்டு வருவாரு. நீ குடு."

காகிதத்தை வாங்கி ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு மூடினாள். நான் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இருட்டுகிற நேரத்தில் காலனிப் பெண் ஒருத்தி ஊர்த்தெரு வீட்டிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

மறுநாள் அம்மா வழக்கம்போல மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போனாள். உச்சி வேளைக்கு முன்னாலேயே நாலு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. உதடு கறுத்திருந்தது. சித்தி தலையில் அடித்துக்கொண்டு 108-க்குப் போன் போட்டாள். நான் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எம்மா, இன்னா சாப்ட?" என்று கேட்டேன்.

"கூழுதான். கேப்பக் கூழு." வார்த்தை குழறியது. "அந்தம்மாவே கொல்லைக்குத் தூக்கிக்கினு வந்துச்சு. 'அமலா, உப்பு சரியா கீதானு பாரு'ன்னுச்சு. ஒரு வாய் குடிச்சேன். ஒரே கசப்புடி."

"மத்தவங்க?"

"யாரும் குடிக்கல. நான் கைக்குதுன்னதும், 'அடடா, ஏதோ தப்பாயிடுச்சு'ன்னு அந்தம்மாவே குண்டானக் கவுத்துட்டுச்சு."

உப்புப் போட்ட கூழை மண்ணில் கொட்டும்போது மட்டும் லட்சுமி போகமாட்டாளாக்கும். எனக்கு அழுகை வரவில்லை. ஆம்புலன்ஸில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது கூட வரவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஓடி ஓடிப் பார்த்தார்கள். ஊசி, டிரிப்ஸ், ஈரத்துணி எல்லாம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவுக்கு நான் யார் என்றே தெரியவில்லை. என்னைப் பார்த்து, "சிஸ்டர், எம்பொண்ணு பஸ் விட்டு எறங்கிட்டாளா?" என்று கேட்டாள். சித்தியிடம் சொல்லி எங்கள் வீட்டு உப்பைக் கொண்டுவரச் செய்து சுற்றினேன். "இன்னாம்மா பண்ற, டிரிப்ஸ் டியூப் மாட்டிக்கப் போவுது" என்று நர்ஸம்மா அதட்டினார். உப்பு வெள்ளையாகவே இருந்தது. பக்கத்துக் கடையில் பாக்கெட் உப்பு வாங்கிச் சுற்றினேன். அதுவும் வெள்ளை.

அப்போதுதான் உறைத்தது. இது அம்மாவின் நோயே இல்லை. லட்சுமியம்மாள் வீட்டு நோய். அந்த வீட்டு உப்பு மட்டும்தான் இதைத் திரும்ப இழுக்கும்.

நான் அந்த வீட்டு கேட்டைத் தட்டியபோது விளக்கு வைக்கிற நேரம். இந்த முறை முன்வாசல். லட்சுமியம்மாள் கதவைப் பாதி திறந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு கை உப்பு குடுங்க" என்றேன்.

"வெளக்கு வெச்ச நேரத்துல வந்து உப்பு கேக்குறியே..."

"எங்கம்மா சாவக் கெடக்குது. நீங்கதான் குடுத்தீங்க. எனக்குத் தெரியும்."

இல்லை என்று சொல்வாள், கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அவருகிட்டச் சொன்னேன். உப்பாம், கடலாம்னு சிரிச்சுட்டு சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிட்டாரு. அதுக்குள்ள இவளுக்குத் திரும்பக் காய ஆரம்பிச்சுடுச்சு. கிண்ணத்து மூடி தானா ஆடுது பிரபா. அது இவளத்தான் தேடுச்சு. நீதானே சொன்ன, யாரு நாக்குல மொதல்ல படுதோன்னு. நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

"அதுக்கு எங்கம்மாவா?"

"கிட்ட இருந்தது அவதான்."

கோழிக்கு அரிசி போட்டதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்குப் பின்னால் சங்கவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே போனாள். ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வெளக்கு வெச்சாச்சுடி! தர்த்திரம் புடிச்சவளே, வாசப்படி தாண்டாத!" என்று லட்சுமியம்மாள் அலறினாள்.

"நீ பண்ண வேலைக்கு இன்னும் லட்சுமி இங்க குந்திகினு கீறாளா? போம்மா." சங்கவி வாசப்படியைத் தாண்டி வந்தாள். என் துப்பட்டாவை விரிக்கச் சொல்லி உப்பைக் கொட்டினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். ஊருக்குள் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "கடல்ல போட்டுடுவ இல்ல? எங்கம்மா மேல கோவத்துல ஏதாச்சும்..."

"கடல்லதாண்டி போடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றைக்கே வார்டுக்குத் திரும்பினேன். நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துச் சுற்றினேன். கை வெந்தே போனது. இன்னும் கூட வலது உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. அம்மாவின் உதட்டில் இருந்த கறுப்பு மெல்ல இறங்கி என் கைக்கு வந்தது. கறுத்த உப்பைத் துப்பட்டாவிலேயே முடிந்து, விடியும் வரை அந்த முடிச்சை மடியிலேயே வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் பெரியம்மா இருமினால் அந்தப் பக்கம் முட்டும். எதிர்க் கட்டிலில் குழந்தை சிணுங்கினால் இந்தப் பக்கம் முட்டும். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காலையில் அம்மா கண்ணைத் திறந்து, "இன்னாடி, மூஞ்சி இப்பிடிக் கீது? ஒரு டீ வாங்கியாயேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். அம்மா என் தலையைத் தடவினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சேசுவே" என்றாள். அப்புறம், "அந்தம்மா மேல ஆத்திரப்படாத. பெத்த வயிறு. எது இருந்தாலும் உப்பிட்டவங்கடி" என்றாள்.

உப்பிட்டவங்கதான். அதில் என்ன சந்தேகம்.

சித்தியை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திண்டிவனம் வந்து மரக்காணம் பஸ் பிடித்தேன். ஜன்னலோர சீட். பெருமுக்கல் மலை வந்து போனது. மரக்காணத்தில் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன, எங்கு பார்த்தாலும் குவியல் குவியலாக வெள்ளை உப்பு. என் மடியில் இருந்தது மட்டும் கறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கடற்கரையில் யாரும் இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று முடிச்சை அவிழ்த்தேன். ஒரே ஒரு உப்புக் கல்லை எடுத்துப் போட்டேன். மை போலக் கலங்கி, ஒரு அலை வந்ததும் காணாமல் போனது. கடல் தாங்கியது. முழுவதையும் உதறிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அம்மாவுக்குக் கஞ்சி வைக்கலாம். உதறத்தான் கையைத் தூக்கினேன்.

போன் அடித்தது. சங்கவி நம்பர். பேசியது அவள் அம்மா.

"பிரபா? கரைச்சிட்டியா?"

உங்க அம்மா எப்படி இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், அந்த உப்பு அப்போதே கடலில் இருந்திருக்கும்.

"கரைச்சிட்டேன்னு சொல்லு. அப்பத்தான் எனக்கு நிம்மதி. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, ஒரே பேஜாரு. அப்புறம், மேற்கால கொல்லையில அடுத்த வாரம் மல்லாட்டை புடுங்கணும். ஆளே கெடைக்கல. அமலா எழுந்து நடமாடிட்டானா அனுப்பி வெய்யி. எப்பவும் போலக் கூழு காச்சிக் கொண்டாந்துட்றேன்."

எப்பவும் போல. அலை வந்து காலடி மணலை அரித்துக்கொண்டு போனது. துப்பட்டாவை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அது அவிழாமல் இருக்க இன்னொரு முடிச்சும் போட்டேன். சங்கவியின் கை ஞாபகத்துக்கு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். உப்பு தின்றவர்கள் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும்.

"கரைச்சுட்டேங்க" என்றேன். "அடுத்த வாரம் அம்மாகூட நானும் வர்றேங்க. லீவுதானே. கூழு நானே காச்சுட்றேன், உங்களுக்கு எதுக்கு செரமம். உப்பு சரியா கீதானு நீங்க ஒரு வாய் பாத்துச் சொன்னாப் போதும்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. போனை வைத்துவிட்டாளா, கீழே போட்டுவிட்டாளா தெரியவில்லை.

ரோட்டில் திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முடிச்சை மடியில் வைத்துக்கொண்டேன். நேற்று ராத்திரியிலிருந்து முட்டிக்கொண்டே இருந்தது, இப்போது அசையாமல் படுத்திருந்தது.